கிழட்டுக் காருக்கு எந்த எண்ணெய்?

பழைய மோட்டார் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முதல் ஐந்து நிமிஷம் காரைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு எண்ணெயைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாடு வரையில் வேறு பேச்சே கிடையாது.

யாரோ சொல்லக் கேட்டு இதை எழுதவில்லை; நேரில் கண்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன். என் அறைத்தோழனுடைய மாமா கரோல்பாக்கில் இருக்கிறார். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1964ம் வருஷத்து அம்பாஸடர் கார் ஒன்று உண்டு. சென்ற தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதப் பென்ஷனை அப்படியே கொட்டி, அதன் இஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தார். பிஸ்டன் புதிது, ரிங் புதிது, காம் ஷாஃப்ட் புதிது. ஆனால் பொங்கல் வருவதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் கிளம்பிவிட்டது. மேம்பாலம் ஏறுவதற்கே வண்டி முனக ஆரம்பித்தது.

"ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். அவர்களைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். நீ பௌதிகம் படிக்கிறவன்தானே, நீயும் வாடா" என்றார் மாமா. பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

தெற்கு டில்லியில் ஒரு பழைய பங்களாவின் முற்றம். தை மாதக் குளிரில், மூடுபனி விலகாத வேளையில், பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசையாக நின்றன. இரண்டு மாரிஸ் மைனர், ஒரு ஆஸ்டின், ஒரு பியட் 1100, சிவப்பு நிறத்தில் ஒரு எம்.ஜி., ஒரு வில்லிஸ் ஜீப். ஒவ்வொரு காருக்கும் அடியில் ஒரு அட்டையோ, பழைய தகரத் தட்டோ பாந்தமாக வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் தரையில் கறை படக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.

நான் புதியவன். ஆஸ்டின் காரின் சொந்தக்காரரான சர்தார்ஜியிடம் மெல்லப் போய், "உங்கள் வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறதே?" என்றேன்.

"ஒழுகவில்லை, தம்பி. கையெழுத்துப் போடுகிறது" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற மாரிஸ்காரர், "சொட்டுவது நின்றால்தான் பயப்பட வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லையென்று அர்த்தம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டிஷ் கார் ஓடிய நாடுகளில் எல்லாம் இந்த ஹாஸ்யம் உண்டென்று மாமா பிறகு சொன்னார். உலகத்தில் எத்தனை தடவை சொல்லப்பட்டிருந்தாலும் அவர்களுக்கு அது அன்றைக்குத்தான் பிறந்த குழந்தை.

ஆனால் இந்தச் சொட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போதைய இஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று இறுகப் பிடித்திருக்கும். மாமாவின் அம்பாஸடரில் உள்ள பிரிட்டிஷ் பி-வரிசை இஞ்சினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்குப் பதிலாக ஷாஃப்டின் பின்பக்கத்தில் திருகாணிக்கு இருப்பது போல மரை வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது வெளியே வர எத்தனிக்கும் எண்ணெயை அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளிவிடும். மிகவும் கெட்டிக்கார யோசனைதான். ஒரே ஒரு குறை: வண்டி நின்றால் மரையும் நின்றுவிடும். ஓடும்போது ஒழுங்காக இருந்த கார், வீட்டுக்கு வந்து நிம்மதியாக நின்றதும் கையெழுத்துப் போடுவது இதனால்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டால் எரிந்த வாயு கீழே இறங்கி உள்ளே அழுத்தத்தை உண்டாக்கும். அப்போது கையெழுத்து நீண்டு கடிதமாகிவிடும்.

தேநீர் வந்தது. அதோடு முதல் சண்டையும் வந்தது. தடித்த எண்ணெயா, மெல்லிய எண்ணெயா?

பியட்காரர் மெல்லிய கட்சி. "குளிர் காலையில் தேன் மாதிரி உறைந்து கிடக்கிற எண்ணெய் எந்தக் காலத்தில் மேலே ஏறும்?" என்று கேட்டார். ஜீப்காரர் தடித்த கட்சி. "மே மாதத்து டில்லி வெயிலில் உம்முடைய எண்ணெய் ரசம் மாதிரி ஓடுமே!" என்றார். சர்தார்ஜி இரண்டு கட்சிக்கும் பொதுவாக, கடுகெண்ணெய் போட்டுப் பார்க்கும்படி சிபாரிசு செய்தார். இந்தக் கட்டத்தில் மாமா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "பையன் பௌதிகம்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆயினும் எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்று ஒரு எஞ்சினியர் இருந்தார். 1883ம் ஆண்டில் அவர் ரயில் வண்டி அச்சுக்கான பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்து சுழலும்; அதன் தலைமேல் பேரிங் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்காக அந்தப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழல விட்டதும் விசித்திரமான காரியம் நடந்தது. துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கி வந்தது! டவர் ஒரு தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பை அடித்து இறுக்கினார். அதுவும் வந்துவிட்டது. கடைசியில் அழுத்தமானி ஒன்றை மாட்டிப் பார்த்தார். பேரிங்கின் மேல் அவர் ஏற்றிய பாரம் சராசரி சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல். மானியோ 200 ராத்தலுக்கு மேல் காட்டியது.

இதிலிருந்து தெரிந்தது என்ன? சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, ஆப்புப் போன்ற குறுகலான சந்துக்குள் அடித்து நிறுத்துகிறது. அந்த எண்ணெய் அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே நின்று பாரத்தைத் தாங்குகிறது. இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. 1886ம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் இதற்குக் கணிதம் எழுதிக் கொடுத்தார். நமது விடுதிக் குளியலறையின் ஈரத் தரையில் அவசரமாக ஓடுகிறவன் வழுக்கி விழுகிறான். மெல்ல நடக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான் அல்லவா? வேகம் இருந்தால்தான் காலுக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் தங்கும். நமக்கு அது ஆபத்து. இஞ்சினுக்கு அதுவே ஆயுள்.

ஆகவே தடிமன் என்பது தனியாக நின்று நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. சந்து எவ்வளவு அகலம், வேகம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது. தேய்ந்த பழைய இஞ்சினில் சந்து அகன்றிருக்கும். மெல்லிய எண்ணெய் ஓரங்களில் வழிந்து ஓடிவிடும். புது இஞ்சினில் சந்து மயிரிழை; தடித்த எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 1911ம் ஆண்டிலிருந்து இந்தத் தடிமனுக்கு எண் கொடுத்து வருகிறது. டப்பாவின் மேல் '20 டபிள்யூ 50' என்று போட்டிருப்பது அந்த எண்தான். டபிள்யூ என்றால் என்ன என்பதற்கு அன்று மூன்று வியாக்கியானங்கள் கேட்டேன். 'வெயிட்' என்றார் ஒருவர். 'வாரண்டி' என்றார் மற்றவர். 'ஒய்ஃப் திட்டுவாள் என்பதன் சுருக்கம்' என்றார் சர்தார்ஜி. உண்மையில் அது 'வின்ட்டர்', அதாவது குளிர்காலம். குளிரில் 20 எண்ணெயைப் போல நடந்துகொள்ளும், 100 டிகிரிச் சூட்டில் 50 எண்ணெயைப் போல நடந்துகொள்ளும் என்று பொருள். அந்தக் காலத்துப் புத்தகங்கள் குளிருக்கு ஒரு எண்ணெய், கோடைக்கு ஒரு எண்ணெய் என்று மாற்றச் சொல்லும். இப்போது எண்ணெயில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை சுருட்டி வைத்த பாய் போலக் கிடக்கும். சூடு ஏறியதும் விரிந்துகொண்டு எண்ணெயை இளகிப் போக விடாமல் தடுக்கும். பியட்காரரும் ஜீப்காரரும் ஒரே டப்பாவுக்குள் சமாதானமாகிவிடலாம். ஆனால் அவர்கள் சமாதானத்துக்காக அங்கே வந்தவர்கள் அல்லர்.

இதற்குள் எம்.ஜி. காரை யாரோ கிளப்பினார்கள். புகையோடு ஒரு வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை எங்கேயோ கேட்ட குரல் போலிருந்தது. திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது: விளக்கெண்ணெய்! பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாளே, அதே விளக்கெண்ணெய்!

"பெட்ரோலில் இரண்டு ஸ்பூன் விட்டிருக்கிறேன். இஞ்சினுக்காக அல்ல, ஊதுபத்தி மாதிரி" என்று எம்.ஜி.காரர் ஒப்புக்கொண்டார். பந்தயக் காரின் வாசனையே அதுதானாம்.

நமது கிராமங்களில் மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மசகு போடுவார்கள். அந்த ஆமணக்குதான் மோட்டாரிலும் விமானத்திலும் கொஞ்ச காலம் கொடி கட்டிப் பறந்தது. வேக்ஃபீல்ட் என்பவர் லண்டனில் 1899ம் ஆண்டில் ஆரம்பித்த எண்ணெய் வியாபாரம், 1909ம் ஆண்டில் விளக்கெண்ணெய் கலந்த ஒரு மசகெண்ணெயை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விளக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'காஸ்டர்' என்ற பெயரிலிருந்தே அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார்கள். 1914ல் மூண்ட யுத்தத்தில் பறந்த பல விமானங்களில் சிலிண்டர்கள் எல்லாமே ராட்டினம் போலச் சுழலும் இஞ்சின்கள் இருந்தன. அவற்றில் பெட்ரோலும் காற்றும் இஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்துதான் மேலே போகும். சாதாரண எண்ணெயைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெயோ பெட்ரோலோடு எளிதில் சேராது. உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆகவே அதையே ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் புகையாக விமானியின் முகத்தில் அடிக்கும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுடைய வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாளடைவில் விளக்கெண்ணெய் பிசின் மாதிரி கெட்டியாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பந்தயம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். தினசரி ஓட்டும் காருக்கு ஆகாது.

அடுத்து வந்தது நிறச் சண்டை. மாரிஸ்காரர் தம் எண்ணெய் ஆயிரம் மைலுக்குப் பிறகும் தங்கம் போல இருக்கிறதென்று அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். பியட்காரருடையது கறுத்திருந்தது. மாரிஸ்காரர் முகத்தில் வெற்றிப் புன்னகை. எனக்கும் கறுப்பென்றால் கெட்டதென்றுதான் தோன்றியது. அங்கே ஒரு மூலையில் மோடாவில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அழுக்கு எங்கே, சாஹப்? துணியில் இருக்கிறதா, சோப்புத் தண்ணீரில் இருக்கிறதா?" என்றார் ஹிந்துஸ்தானியில்.

அவரை எல்லோரும் உஸ்தாத் என்று அழைத்தார்கள். காஷ்மீரி கேட்டில் நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவராம். அவர் சொன்னது மிகவும் சரி. இப்போதைய எண்ணெயில் சோப்புப் போன்ற ஒரு சரக்கைச் சேர்க்கிறார்கள். அது கரியையும் பிசுக்கையும் தன்னோடு மிதக்க வைத்துக்கொள்ளும். எண்ணெய் கறுக்கும், இஞ்சின் சுத்தமாக இருக்கும். அந்தச் சரக்கு இல்லாத எண்ணெய் பளபளவென்றிருக்கும். அழுக்கெல்லாம் இஞ்சினின் அடியில் சேறாகப் படிந்து கிடக்கும். மாரிஸ்காரர் அளவுக் கம்பியை மெதுவாக உள்ளே செருகினார்.

இப்படியே வேறு சில வழக்குகளும் நடந்தன. எஸ்.யு. கார்புரேட்டரின் தலையில் விடும் சொட்டு எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் உத்தமம் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அது வெறும் ருசி பேதம். கொஞ்சம் மெல்லியதானால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும், அவ்வளவுதான். ஆனால் பல்சக்கர எண்ணெய் அப்படியல்ல. பின் அச்சில் உள்ள பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு உராய்வதால் அங்கே கந்தகச் சத்து மிகுந்த காரமான எண்ணெய் வேண்டும். அதையே பழைய கியர் பெட்டியில் ஊற்றினால், உள்ளே இருக்கும் வெண்கல வளையங்களை அந்தக் கந்தகம் மெல்ல அரித்துவிடும். ஸிட்ரோயன் என்ற பிரெஞ்சுக் காரின் கதை இன்னும் கடுமை. 1955ம் ஆண்டில் வந்த அதன் டி.எஸ். மாதிரியில் பிரேக்கு, ஸ்டியரிங்கு, ஸ்பிரிங்கு எல்லாமே ஒரு திரவத்தின் அழுத்தத்தில் இயங்கும். முதலில் ஒரு வகைத் திரவம். 1966ம் ஆண்டிலிருந்து பச்சை நிறத்தில் வேறு வகை. ஒன்றுக்கானதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் அத்தனையும் நாசம். அங்கே ஹாஸ்யத்துக்கு இடமில்லை.

கடைசியில் மாமா தம் வழக்கை எடுத்தார். 'டக், டக்' சத்தத்தைக் கேட்டதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "அம்பாஸடரில் ஹார்னைத் தவிர எல்லாம் சத்தம் போடும்" என்ற பழைய வசனத்தை ஒருவர் எடுத்துவிட்டார். சிரிப்பு. மாமாவும் சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

உஸ்தாத் எழுந்து வந்தார். இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றச் சொன்னார். முன்னால் கைப்பிடியைச் செருகி என்னைச் சுழற்றச் சொன்னார். எட்டு வால்வுகளும் ஒவ்வொன்றாக இறங்கி ஏறின. மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு மட்டும் மற்றவை இறங்கும் ஆழத்தில் பாதிதான் இறங்கியது. உஸ்தாத் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "காம் போய்விட்டது, சாஹப்" என்றார். முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது.

"மூன்று மாதந்தானே ஆகிறது, உஸ்தாத்!" என்றார் மாமா.

"என்ன எண்ணெய் விட்டீர்கள்?"

கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்தது, புத்தம் புதியது, 5 டபிள்யூ 30. கடைக்காரர் அப்படித்தான் சொன்னாராம்.

இங்கேதான் நான் டவருடைய கதையில் சொல்லாமல் விட்ட பாகம் வருகிறது. பேரிங்கில் எண்ணெய் தாங்கி நிற்கும். ஆனால் காம் ஷாஃப்டின் முட்டு, டாப்பெட்டின் தட்டையான முகத்தில் வழித்துக்கொண்டு போகும் இடத்தில் அவ்வளவு எண்ணெய் நிற்காது. தொடும் இடம் ஒரு கோடு அளவுதான். வால்வு ஸ்பிரிங்கின் பலமெல்லாம் அந்தக் கோட்டின்மேல் விழும். அங்கே இரும்பு இரும்பைத் தொட்டே தீரும். அதற்காக 1940களிலிருந்து எண்ணெயில் துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு மருந்தைக் கலந்து வந்தார்கள். உராய்வின் சூட்டில் அது உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலமாகப் படியும். இரும்புக்குப் பதில் அந்தப் படலம் தேயும்; மறுபடி படியும்.

பிறகு கார்களின் புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி வந்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களிலும் 1995ம் ஆண்டு முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அந்தக் கருவிக்கு விஷம். ஆகவே பாஸ்பரஸின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004ம் ஆண்டில் வந்த அமெரிக்கத் தரத்தில் 20, 30 என்று முடியும் மெல்லிய எண்ணெய்களுக்கு நூற்றுக்கு 0.08 பங்கு என்று உச்சவரம்பு கட்டினார்கள். புதிய கார்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவற்றில் பலவற்றில் காம் முட்டு உருளையின்மேல் உருளுகிறது, வழிப்பதில்லை. 1964ம் வருஷத்து அம்பாஸடர் என்ன செய்யும்? 50 என்று முடியும் தடித்த எண்ணெய்களுக்கு அந்த வரம்பு இல்லை என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

உஸ்தாத் இன்னொரு கேள்வி கேட்டார்: "முதல் முதலில் இஞ்சினைக் கிளப்பியபோது எப்படி ஓட விட்டீர்கள்?"

மாமா தயங்கினார். வீட்டு வாசலில் கார் நின்றதாம். இஞ்சினைக் கிளப்பி மெல்ல ஓட விட்டுவிட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாமி நிதானமாகப் பூஜை செய்தாளாம். அரை மணி நேரம்.

உஸ்தாத் தலையில் கை வைத்துக்கொண்டார். காம் முட்டுக்கு எண்ணெய் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் தெறித்துத்தான் வந்து சேர வேண்டும். புதுக் காமை முதல் இருபது நிமிஷம் 2000 சுற்று வேகத்தில் ஓட வைக்க வேண்டும். அப்போதுதான் முட்டும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும், மருந்துப் படலமும் ஏறும். மெல்ல ஓட விட்டால் பட்டினி போட்டது போல.

தவறு எண்ணெயிலா, பூஜையிலா? எனக்கு இரண்டிலும் பாதிப் பாதி என்று தோன்றுகிறது. பூஜை விஷயத்தை மாமியிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாதப் பென்ஷனோடு மூன்றாவது மாதமும் போயிற்று. அன்று காலை முழுவதும் வாயாடிய சர்தார்ஜி ஒரு வார்த்தை பேசாமல் தம் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். 20 டபிள்யூ 50 டப்பா ஒன்றை எடுத்து மாமா கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். உஸ்தாத், தாமே வந்து நின்று இஞ்சினைக் கிளப்பித் தருவதாகச் சொன்னார்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த வைபவம். இஞ்சின் இறங்கி ஏறிவிட்டது. புதுக் காமுக்கு மசகு தடவி வைத்திருக்கிறோம். இருபது நிமிஷம் 2000 சுற்றில் அலறப்போவதைப் பற்றி அண்டை வீட்டார்களிடம் முன்கூட்டியே சொல்லி மன்னிப்புக் கேட்டாயிற்று. பூஜை அதற்குப் பிறகுதான் என்று தீர்மானம். வேடிக்கை பார்க்க விரும்பும் சங்க அன்பர்கள் விடுதி வாசலில் ஆறு மணிக்கு என்னைச் சந்திக்கலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். காருக்கு அடியில் வைக்க ஒரு அட்டைப் பெட்டி கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள்.